பத்தொன்பதாவது பெயர்

அத்தியாயம் 14

மணி பத்தரை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும்.

பாத்திரக்கடை பாண்டுரங்கன் பத்திரத்தை மடித்து வேதநாயகியிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாம்பாளத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காதம்மா. நேத்து சரின்னுதான் சொன்னேன். வூட்ல பேசினேன். ஜாமீன்னாலே பயப்படறாங்க."

"இது கடன் ஜாமீன் இல்லண்ணே. வாத்தியார் ட்ரெயினிங் முடிச்சிட்டு நான் அஞ்சு வருஷம் சர்க்கார் பள்ளிக்கூடத்துல வேலை செய்யணும். நடுவுல ஓடிப் போவ மாட்டேன்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அவ்ளோதான்."

"நீ ஓட மாட்டம்மா. உன் வூட்டுக்காரன் வந்து கூப்ட்டா?"

அவள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைப் படி இறங்கினாள். கணவன் வெங்கடரமணன் வேலை தேடிச் சென்னைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கடைசிக் கடிதம் வந்து மூன்று வாரம்.

செஞ்சிக் கடைத்தெருவில் ஆனி மாதக் காற்று புழுதியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. வேதநாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தாள். எதிர்ப்பக்கம் தேவநாத செட்டியார் மளிகைக் கடையின் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. சாத்தி நாற்பது நாள்.

அந்தக் கடையின் மருமகளாக அவள் இந்தத் தெருவுக்கு வந்து ஏழு வருஷம். அப்போதெல்லாம் அவள் கோயிலுக்குப் போனால் கடைக்காரர்கள், "செட்டியார் வூட்டம்மா வராங்க, வழி வுடு" என்பார்கள். இன்று அரிசி மண்டிக்காரர் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே குனிந்து எதையோ தேடினார். மாமனாருக்குப் பங்காளி முறையான ஜவுளிக்கடைக்காரர், "நம்ம வூட்டுப் பொம்பளைங்க ஆஸ்டல்ல போய்த் தங்கறதா? நான் அதுக்குத் துணை போவ மாட்டேன்" என்று பத்திரத்தைக் கையில் வாங்கவே இல்லை.

முதல் ஜாமீன் தளவானூரில் இருக்கும் அவளுடைய தாய்மாமன் போட்டது. இரண்டாவதும் இந்தத் தாலுகாவில் சொத்துள்ள ஒருவர்தான் போட வேண்டும். மாமனாருடைய வீடும் கடையும் கடன் வழக்கில் மாட்டியிருந்ததால் அவர் கையெழுத்து செல்லாது என்று கல்வி ஆபீஸில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தபோது அவளுக்கு நம்பிக்கை இல்லைதான். யாரிடமும் சொல்லாமல் மனு போட்டாள். இண்டர்வியூவுக்குப் போனாள். பதினெட்டு இடத்தில் பதினெட்டாவது பெயராகத் தன் பெயரை ஆபீஸ் போர்டில் பார்த்தாள்.

அவள் மடியில் குழந்தை இல்லை. ஊருக்கு அது ஏழு வருஷமாகப் பேச்சு. இப்போது அதுவே அவளுக்கு வசதியாகிவிட்டது.

மற்ற கடைகளிலும் கேட்டுவிட்டு உச்சிவேளையில் வீட்டுக்குள் நுழையும்போதே மாமனாரின் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கூடம். நாற்பது வருஷம் காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்த மனிதருக்கு வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

"பாண்டுரங்கன் போட்டுட்டானா?"

"மாட்டேன்னுட்டாரு மாமா."

"மண்டிக்காரன்?"

"அவரும்தான்."

தேவநாத செட்டியார் நின்றார். மறுபடி நடந்தார். மருமகள் வேலைக்காகப் படிக்கப் போவது பிடிக்காமல் நாலு நாள் அவளோடு பேசாமல் இருந்தவர், ஐந்தாம் நாள் காலையில் காப்பியை வாங்கிக்கொண்டு, "எப்ப சேரணும்?" என்று கேட்டவர் அவர். அதற்குப் பிறகு அவளைவிட அவருக்குத்தான் அவசரம்.

"வேற யாரு இருக்கறாங்க?" என்றார்.

வேதநாயகி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்த பெயரைச் சொன்னாள். "உத்திராபதி அண்ணன்."

"யாரு?"

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"நம்ம கடையில வண்டி ஓட்டினாரே, அவருதான் மாமா."

"வண்டிக்காரனா?"

"வண்டிக்காரரா இருந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால. இப்ப சொந்தமா லாரி. சீயமங்கலம் பக்கம் பம்ப் செட்டோட நிலம். பஞ்சாயத்து மெம்பரு. அவர் போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அவன் வாசல்ல போய் நான் நிக்கணும்."

"நீங்க வர வேணாம். நான் போறேன்."

"நீ தனியாப் போய் நின்னா தேவநாதன் செத்துட்டான்னு நெனைப்பான்" என்ற செட்டியார், கொடியிலிருந்த சட்டையை வேகமாக உருவினார். உருவிய வேகத்தில் கொடியே அறுந்து விழுந்தது.

திருவண்ணாமலை ரோட்டில் இருவரும் நடந்தார்கள். மாமனார் நாலடி முன்னால். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முதலில் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்தாள் வேதநாயகி. கிட்டே போனபோதுதான் காதில் விழுந்தது.

"உத்திராபதி, ஒரு காரியமா வந்தேன்..." என்றார் அவர் தனக்குள். "ஒரு காரியமா வந்தேன். இதுல..." அதற்கு மேல் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வேதநாயகிக்கு அப்போதுதான் புரிந்தது. இருபது வருஷம் அந்த மனிதரை அவர் கூப்பிட்டதெல்லாம், 'வாடா, போடா, மூட்டைய எறக்குடா, எங்கடா போய்த் தொலைஞ்ச' என்றுதான். இன்று 'டா' போட முடியாது. 'நீங்க' என்பது நாக்குக்கு வரவில்லை. 'நீ' என்று மட்டும் சொன்னால் உதவி கேட்க வந்தவன் பேச்சாகவும் இருக்காது. 'போடு' என்பதா, 'போடுங்க' என்பதா? அந்த ஒரு சொல்லில்தான் அவர் சிக்கிக்கொண்டு நடந்தார்.

உத்திராபதியின் வீடு புதிதாகத் தளம் போட்ட மெத்தை வீடு. பச்சை வண்ணக் கதவு. வாசலில் லாரி நின்றது.

செட்டியாரைப் பார்த்ததும் உள்ளேயிருந்து வேகமாக வந்த உத்திராபதியின் கை, தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது போலிருந்தது. ஒரு கணம் துண்டைப் பார்த்தார். மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க முதலாளி. வாம்மா. உள்ளார வாங்க. வெயில்ல இன்னாத்துக்கு நடந்து வந்தீங்க? சொல்லி அனுப்பினா நானே வந்திருப்பேனே!"

நாற்காலிகளைப் போட்டார். செட்டியார் உட்கார்ந்தார். உத்திராபதி கொஞ்சம் தயங்கி, எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வீடு நல்லா இருக்குது" என்றார் செட்டியார்.

"ஏதோ உங்க ஆசீர்வாதம்."

"எப்ப கட்டினது?"

"போன தையில குடி வந்தோம்."

"மெத்தை வூடுன்னா மழைக்கு பயமில்ல."

வேதநாயகி கவனித்தாள். மாமனார் வாயிலிருந்து 'நீ'யும் வரவில்லை, 'நீங்க'வும் வரவில்லை. முள்வேலி ஓரமாக வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவர் போல, ஒவ்வொரு வாக்கியத்தையும் இடம் பார்த்து வைத்தார். எதிரில் இருப்பவரும் அதைக் கவனிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

உத்திராபதியின் மனைவி அம்மாக்கண்ணு காப்பி கொண்டுவந்தாள். ஒரு காலத்தில் செட்டியார் கடையின் பின்கட்டில் உளுந்து புடைத்தவள். டம்ளர்களை முக்காலியின் மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். வேதநாயகி எடுத்துக் குடித்தாள். செட்டியார், "இப்பதான் வூட்ல ஆச்சு" என்றார். அம்மாக்கண்ணு அவரை வற்புறுத்தவில்லை. டம்ளரை எடுக்கவும் இல்லை.

"ஒரு காரியமா வந்தேன்" என்றார் செட்டியார். "இதுல ஒரு கையெழுத்து வேணும். மருமவளுக்கு ட்ரெயினிங்ல எடம் கெடைச்சிருக்குது. ஜாமீன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்தாவணும்."

வேதநாயகி பத்திரத்தை நீட்டினாள். உத்திராபதி அதை முழங்காலில் விரித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். வண்டி ஓட்டிய காலத்தில் அவருக்குக் கைநாட்டுதான். பிறகு பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்பதற்காக, பள்ளிக்கூடம் போன தன் மகளிடமே படிக்கக் கற்றுக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"எத்தினி பேருக்கும்மா எடம்?"

"பதினெட்டுண்ணே."

"நீ எத்தினாவது?"

"பதினெட்டாவது."

"பத்தொம்பதாவது பேரு பாத்தியா?"

பார்க்கவில்லை. போர்டில் அதற்குக் கீழே காத்திருப்போர் என்று தனியாக ஒரு தாள் ஒட்டியிருந்தது நினைவிருந்தது. தன் பெயரைக் கண்ட சந்தோஷத்தில் கண் அதற்குக் கீழே இறங்கவில்லை.

"எம் பொண்ணு தனகோட்டி" என்றார் உத்திராபதி.

உள் அறைக் கதவின் திரை அசைந்தது.

"உனக்கும் அவளுக்கும் மூணு மார்க்குதான் வித்தியாசம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள யாராவது பத்திரம் குடுக்கலன்னா அடுத்த பேரத்தான் கூப்டுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நாலு நாளா எம் பொண்ணு போய்ப் போய்ப் பாத்துட்டு வருது. பதினேழு பேரு குடுத்தாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

வேதநாயகி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அது முக்காலியில் பட்டு ஓசை எழுப்பியது.

உத்திராபதி இப்போது செட்டியாரைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"உங்களுக்கு நெனப்பு இருக்குதோ இல்லியோ முதலாளி. இவளப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு ஒருநாள் லீவு கேட்டேன். 'பொட்டப் புள்ளயப் படிக்க வச்சு இன்னாடா பண்ணப் போற? கடலை மில்லுல மல்லாட்டை ஒடைக்க அனுப்பு'ன்னீங்க. கடையில நாலு பேரு இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கு சாயந்திரம் வண்டிய வுட்டவன்தான், மறுபடி உங்க கடைக்கு வரல."

செட்டியாருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வம்சத்துல மொதல் எஸ்.எஸ்.எல்.சி. அவ. இப்ப நீங்க சொல்லுங்க முதலாளி. நான் இன்னா செய்யட்டும்?"

தேவநாத செட்டியார் எழுந்து நின்றார். வாய் ஒருமுறை திறந்து மூடியது.

"நீங்க போட வேணாம்" என்றார்.

அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். உத்திராபதி நாற்காலியில் அப்படியே இருந்தார்.

"உங்க பொண்ணு வாயில வுழறத நாங்க தட்டிப் பறிக்கக் கூடாது. நீங்க இதுல கையெழுத்துப் போடாதீங்க. அன்னிக்கு நான் பேசினது..." வாசல் பக்கம் திரும்பினார். "தப்பு. எழுந்திரும்மா, போவலாம்."

வேதநாயகி எழுந்திருக்கவில்லை.

மாமனார் வாயிலிருந்து அந்த 'நீங்க' வந்ததில் அவளுக்கும் ஒரு கணம் கண் கலங்கியது உண்மை. ஆனால் அந்தச் சொல்லோடு சேர்ந்து எதைக் கொடுத்துவிட்டார்?

"மாமா" என்றாள். "அது உங்க எடமா?"

"என்னம்மா?"

"தாராளமா எடுத்துக் குடுக்கறீங்களே, அது உங்க எடமான்னு கேக்கறேன். மனு எழுதினது நான். இண்டர்வியூல நின்னது நான். நீங்க அன்னிக்குப் பேசின பேச்சுக்கு இன்னிக்குப் பரிகாரம் பண்றீங்க. பண்ணுங்க. உங்க கையில இருக்கறதக் குடுத்துப் பண்ணுங்க. என்னோடதக் குடுத்துப் பண்ணாதீங்க!"

செட்டியார் அவளை வெறித்துப் பார்த்தார். ஏழு வருஷத்தில் அவர் எதிரில் அவள் இவ்வளவு பேசியதில்லை. அதுவும் அடுத்தவர் வீட்டில்.

அவள் உத்திராபதியிடம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க பொண்ணுக்காக நீங்க போடலன்னா நான் ஒரு வார்த்த தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மாமா சொல்லிட்டாருன்னு போடாம இருக்காதீங்க. வேணாம்னு நீங்களே சொல்லுங்க."

"போடாத நைனா."

சொன்னது உத்திராபதியில்லை. திரையை விலக்கிக்கொண்டு தனகோட்டி வந்து நின்றாள். பத்தொன்பது வயசு. அழுது வீங்கிய கண். ஆனால் இப்போது அழவில்லை.

"நீ உள்ள போ" என்றார் உத்திராபதி.

"போவல. அவங்களுக்குத் தெரியட்டும். மூணே மூணு மார்க்கு, அக்கா. இந்த வூட்டுக்கு கரண்டு வந்ததே என் பரீட்சை முடிஞ்ச பிற்பாடுதான். இந்த எடம் இல்லன்னா தை மாசம் மாமன் மவனுக்குக் கட்டிடுவாங்க. தேதிகூட பேசிட்டாங்க. எனக்கு வேற வழி இல்ல."

"எனக்கும் இல்ல தனகோட்டி" என்றாள் வேதநாயகி.

"தெரியும்க்கா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம் இருவர் முகத்திலும்.

உத்திராபதி எழுந்தார். பத்திரத்தை அதே மடிப்பில் மடித்தார். இரண்டு கையாலும் வேதநாயகியிடம் நீட்டினார்.

"என்னால முடியலம்மா" என்றார். "மன்னிச்சுக்கோ."

ரோட்டுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால்.

"வூட்டுக்குப் போவலாம்" என்றார் செட்டியார்.

"நீங்க போங்க மாமா."

"நீ எங்க போற?"

"தெரியல."

அவள் வேகமாக நடக்க ஆரம்பித்தாள். எங்கே என்று உண்மையிலேயே தெரியவில்லை. நின்றால் அழுகை வந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. தாலுகாவில் சொத்துள்ளவர் யார் யார் என்று மனதுக்குள் ஒவ்வொரு பெயராக ஓட்டினாள். பெரிய கடைகள், மண்டிகள், மில். எல்லாம் கேட்டாயிற்று, அல்லது கேட்டுப் பயனில்லை. எல்லாம் ஆண்களின் பெயர்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது திண்டிவனம் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. புளியமரத்தடியில் சோற்றுக்கடை போட்டிருந்த மாரியம்மாள் பெரிய கரண்டியை ஆட்டி, "இன்னாடி மளிகைக்கடைம்மா, முகம் செத்துப்போய் வர?" என்று கத்தினாள்.

வேதநாயகி சட்டென்று நின்றாள்.

மாரியம்மாள் வருஷா வருஷம் நிலவரிக் கிஸ்தி கட்டின ரசீதை இடுப்பில் செருகிக்கொண்டு கடையின் பின்கட்டுக்கு வருவாள். பருப்பு வாங்குகிற சாக்கில், "இதுல எம்பேருதான் எழுதியிருக்குதா, படிச்சுச் சொல்லு" என்று கேட்பாள். இரண்டு காணி புன்செய் நிலம், மல்லாட்டைக் கொல்லை. புருஷன் போன பிறகு கொழுந்தனோடு சண்டை போட்டுத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியது. அவள் பெயர்தான் என்று ஒவ்வொரு வருஷமும் வேதநாயகி படித்துச் சொல்ல வேண்டும்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மாரியம்மாள் குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குக் கைநாட்டுதான். ஆவுமா?"

"கையெழுத்து அல்லது ரேகைன்னு பாரத்துலயே போட்டிருக்குதுக்கா."

"நீ நடுவுல வுட்டுட்டு ஓடிட்டா?"

"உங்க கொல்லைக்கு வில்லங்கம் வரும். ஓட மாட்டேன்."

"உம் புருஷன் வந்து கையப் புடிச்சு இழுத்தா?"

காலையில் பாண்டுரங்கனுக்குச் சொல்ல முடியாத பதில் இப்போது யோசிக்காமலே வந்தது. "அவரையும் செஞ்சிக்கு வரச் சொல்லுவேன்."

மாரியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். சோறு கேட்ட கண்டக்டரை, "இரு" என்றாள்.

"ஊர்ல இத்தன ஆம்பளைங்க இருக்கும்போது எங்கிட்ட யாரும் எதையும் நம்பிக் கேட்டதில்லடி" என்றாள். பிறகு பக்கத்துப் பூக்கடைக்காரியிடம், "சட்டியப் பாத்துக்கோ, அடி புடிச்சா உன்னக் கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ரசீதை எடுத்துவர ஓடினாள். கனத்த உடம்பு. ஆனாலும் ஓடினாள்.

ஆபீஸில் தலைமை குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"வேற ஜாமீன் கெடைக்கலியாம்மா?"

"சொத்து இருக்கறவங்கன்னுதான் சார் போட்டிருக்குது. இவங்களுக்கு இருக்குது."

அவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்வே எண்ணை எழுதிக்கொண்டார். மைப் பெட்டியைத் திறந்து நகர்த்தினார். மாரியம்மாள் கட்டைவிரலை முந்தானையில் மூன்று முறை துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

முத்திரை விழுந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக இருபது நிமிஷம்.

வெளியே வந்த மாரியம்மாள், "மொதல் சம்பளத்துல எனக்கு ஒரு செவப்புப் பொடவ" என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். வேதநாயகிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. திரும்பி, அறிவிப்புப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

பதினெட்டாவது பெயருக்குக் கீழே இந்த முறை பார்த்தாள். *உ. தனகோட்டி.* பக்கத்தில் மார்க்கு. மூன்றுதான் குறைவு.

தாளின் ஓரம் அழுக்கேறியிருந்தது. நாலு நாளாக யாரோ அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் மாமனார் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

"யாரு போட்டது?"

"சோத்துக்கடை மாரியம்மாக்கா."

செட்டியார் கூடத்திலிருந்து முற்றத்துக்கு நடந்தார். திரும்பி வந்தார்.

"அடுத்தவன் வூட்ல வச்சு என்னப் பேசிட்ட."

"பேசினேன் மாமா."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. அவள் சோற்றைப் போட்டாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். மோர் ஊற்றும்போது மட்டும், "பொட்டி எது எடுத்துக்கிட்டுப் போவ? டிரங்குப் பொட்டி பூட்டு சரியில்ல" என்றார்.

திங்கட்கிழமை சேர வேண்டும். விளக்கேற்றிவிட்டு வேதநாயகி டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கதவை யாரோ தட்டினார்கள்.

தனகோட்டி. தனியாக வந்திருந்தாள். ஓடிவந்ததில் மூச்சு இரைத்தது.

"உள்ள வா."

"வேணாம்க்கா. நான் வந்தது வூட்ல தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "நைனா மனு எழுதிட்டாரு. கைநாட்டு ஜாமீன் செல்லாது, அந்தம்மா கொல்லை மேல கொழுந்தன் வழக்கு இன்னும் இருக்குதுன்னு. நாளைக்குக் காலைல ஆபீஸ் தொறந்ததும் குடுக்கப் போறாரு."

வேதநாயகி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். வழக்கா? மாரியம்மாள் அதைச் சொல்லவே இல்லையே.

"உங்க மாமா 'நீங்க'ன்னு சொன்னாரு இல்ல?" என்றாள் தனகோட்டி. "நீங்க ரெண்டு பேரும் போன பிற்பாடு நைனா அழுதாரு. எங்க பாட்டி செத்தப்பகூட அவரு அப்படி அழுது நான் பாத்ததில்ல. அழுது முடிச்சு, முகத்தக் கழுவினாரு. அப்புறம் மாரியம்மா ஆபீஸ்ல கைநாட்டு வச்சது தெரிஞ்சதும், நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மனு எழுதறவர் பக்கத்துல உக்காந்துட்டாரு."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"மனு ஜெயிச்சா எடம் உனக்கு" என்றாள் வேதநாயகி.

"ஆமா."

"வேணாமா?"

"வேணும்க்கா." பதில் உடனே வந்தது. "வேணும். அதுக்காகத்தான் நைனாவப் போடாதன்னேன். நாளைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

"அப்புறம் எதுக்கு வந்து எங்கிட்ட சொல்ற?"

தனகோட்டி யோசித்தாள். தாவணி நுனியைச் சுருட்டி விரித்தாள்.

"தெரியல. சொல்லாம அங்க உக்காந்திருக்க முடியல."

உள்ளேயிருந்து செட்டியார், "யாரும்மா அது?" என்றார். வேதநாயகி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஆபீஸ் எத்தன மணிக்குத் தொறக்குது?"

"பத்து."

"ஒம்பது மணிக்கே மாரியம்மாக்காவக் கூட்டிக்கிட்டு நான் அங்க இருப்பேன்."

"நானும் இருப்பேன்" என்றாள் தனகோட்டி.

யாரோடு வந்து, யார் பக்கம் நிற்பாள் என்று அவள் சொல்லவில்லை. படியிறங்கி, இருட்டத் தொடங்கியிருந்த கடைத்தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். வேதநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாமனாரிடம்கூடச் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். மாரியம்மாள் கடையைக் கட்டுவதற்குள் அந்த வழக்கைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.